மீசை வைத்த போர்டு

கூட்டாளிக்கு,

இன்று காலை என் மகள் கையில் கத்தரியைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு மலாய்க்காரம்மா துணி காயப்போடுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. மகளுக்கு போர்டு எழுதப் பழக வேண்டும் என்று ஆசை. நேற்றுதான் கேம்பல் தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு நல்ல பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். அதன் நுனியில் இரண்டு முடி நீண்டு நிற்கிறதாம். வெட்டிச் சமமாக்கப் போனாள். "ஏன்பா கத்துறீங்க, ரெண்டு முடிதானே?" என்றாள். நீ சொன்ன அதே வார்த்தை. திட்ட வாயைத் திறந்தவன் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தோன்றியது. வழக்கமாக உன்னிடம்தான் ஓடி வருவேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சூலியாத் தெருவில் ஒரே மாடியறையில் நாம் பாய் விரித்திருந்த காலம் அது. நான் துறைமுகத்துக் கிட்டங்கியில் பெட்டிகள்மீது ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். நீ அங்சானா மரத்தடியில் ஒரு முக்காலியும் ஒரு கண்ணாடியும் வைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தாய். மழை வந்தால் பாதி வெட்டிய தலையோடு ஆள் ஓடிவிடுவான். மறுநாள் மீதிப் பாதிக்கு வருவானா என்று நீ தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். திடீரென்று ஒருநாள், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதையை ஒட்டி ஒரு சின்னக் கடையைப் பிடித்துவிட்டேன் என்று வந்து நின்றாய். சுழலும் நாற்காலி ஒன்றும் வாங்கிவிட்டாய். "தைப்பூசத்துக்குள்ள போர்டு மாட்டியாகணும். நீதான் எழுதப்போற" என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியில் எழுதுவது வேறு. தகட்டில் வெட்டிய எழுத்தை வைத்து, மேலே கட்டைப் பிரஷால் குத்தினால் போதும். பலகையில் வெறுங்கையால் எழுத்தை வளைத்து எடுக்க எனக்கு எங்கே தெரியும்? ஊரில் போர்டு எழுதுகிறவர்களிடம் கொடு என்றேன். "அவங்க சீனம் நல்லா எழுதுறாங்க, இங்கிலீஷ் நல்லா எழுதுறாங்க. தமிழ் எழுதினா மட்டும் பூச்சி படம் வரைஞ்ச மாதிரி இருக்கு. நீ எழுது லா" என்றாய்.

விளையாட்டாகத்தான் பேசினாய். ஆனால் விஷயம் விளையாட்டில்லை என்று இருவருக்கும் தெரியும். தைப்பூசத்துக்குச் சுங்கை பாக்காப்பிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் தோட்டத்து ஜனங்கள் பெர்ரிப் படகு ஏறி வருவார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் முன்னே சவரம், வந்தபின்னே முடிவெட்டு. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் நீ கடை பிடித்தாய். அவர்கள் கண்ணில் கடை படாவிட்டால் திரும்பவும் மரத்தடிதான். போதாததற்கு, உன் வீட்டம்மாவைக் கப்பலில் வரச்சொல்லி ஊருக்கு ஆளும் அனுப்பியிருந்தாய்.

பிரஷ் வாங்கப் போனோமா, பெண் பார்க்கப் போனோமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே கடையைச் சாத்துகிற அவசரத்தில் இருந்தார். நீ அசையவில்லை. முதலில் அவர் எடுத்து வைத்ததைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "பன்னி முடி. சப்பாத்துக்குப் பாலிஷ் போடலாம்" என்று தள்ளிவிட்டாய். அடுத்தது மையில் எழுதுகிற ஆட்டுமுடிப் பிரஷ். தண்ணீரில் நனைத்ததும் சாய்ந்துகொண்டது. "இதுக்கு முதுகெலும்பு இல்ல" என்றாய். நான் மிகச் சின்னதாக ஒன்றைக் கையில் எடுத்தேன், புதுக்கைக்குச் சின்னதுதானே சௌகரியம் என்று. அதையும் பிடுங்கி வைத்துவிட்டாய். "பழகுறவனுக்குக் கொஞ்சம் பெரிய கத்திதான் குடுக்கணும். சின்னதுல கை நடுக்கம் அப்படியே தெரியும்" என்றாய். கடைசியில் மாட்டுக்காது முடியில் கட்டிய ஒன்று வந்தது. முடி நீளம். ஒரு சுழி முடியும்வரை பெயிண்டைப் பிடித்துவைக்கும். புறங்கையில் அழுத்தி வளைத்தாய். விட்டதும் தானாக எழுந்து நின்றது. நனைத்து உதறினாய், நுனி ஒன்றாகக் கூடியது. "நல்ல முடி வளையும், ஆனா எழுந்திருக்கும்" என்றாய். தவுக்கேயே உன்னை ஒரு தினுசாகப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல பிரஷ் அந்தக் கடையில் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? நான் பலகைக்கு வெள்ளை அடித்துக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் கையில் பிரஷும் கத்தரியும். நுனியைச் சீவிவிட்டு, ஊதித் தட்டி, பின்கழுத்தைக் காட்ட வாடிக்கைக்காரனுக்குக் கண்ணாடி பிடிப்பாயே, அப்படி என் முன்னால் நீட்டினாய். "ரெண்டு முடி தூக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு முடிதானே. இப்ப பாரு, எவ்வளவு சமமா இருக்கு" என்றாய். எனக்கும் அப்போது தெரியவில்லை. நல்லாத்தான் இருக்கு என்றுகூடச் சொன்னேன். கத்தரியோடு பிறந்த கை அப்படித்தான் செய்யும்.

எழுத ஆரம்பித்ததும் தெரிந்தது. 'முடி வெட்டும் சலூன்' என்று பென்சிலில் அழகாகத்தான் போட்டிருந்தேன். பிரஷ் பலகையில் பட்டதும், ஒவ்வொரு எழுத்தும் முடிகிற இடத்தில் நுனி கூடவே மாட்டேன் என்றது. மு-வின் வால் முடிகிற இடத்தில் நாலைந்து கோடாய்ப் பிரிந்தது. லூ-வின் சுழியில் தாடியே முளைத்தது. துடைத்துத் துடைத்து எழுதினேன். துடைத்தால் வெள்ளையெல்லாம் கறுப்பாகிறது. வேறு பிரஷ் வாங்கலாம் என்றால் தெரு முழுக்கக் கடை அடைப்பு. தவுக்கே புத்தாண்டின் பதினைந்தாம் நாள் கழிந்துதான் திறப்பாராம். அந்த வருஷம் அவர்களுடைய பதினைந்தாம் நாளும் நம் தைப்பூசமும் ஒரே பௌர்ணமி. நீ போய் உன் சோப்பு நுரைக்கிற பிரஷை எடுத்துக்கொண்டு வந்து, "இது ஆகுமா?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு நீ உன் புது நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாய். "நான்தானே வெட்டினேன்" என்றாய் கடைசியில். அவ்வளவு கஷ்டத்திலும் நீ என் கையைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "மாட்டு. காலிப் பலகைக்கு இது மேல்" என்றாய்.

பூசத்தன்று காலையில் முதலில் வந்தது நிபோங் திபால் கங்காணி ஒருவர். அஞ்சடியில் நின்றார். போர்டை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏப்பா, முதல்ல உன் எழுத்துக்குச் சவரம் பண்ணு. எத்தனை நாள் மீசை இது?" என்றார். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. நீ என்ன செய்தாய்? நாற்காலியைத் தட்டி, "அதுக்கு நேரமில்லீங்க ஐயா, கூட்டம். நீங்க உக்காருங்க, உங்களுதை எடுத்துடறேன்" என்றாய். ஒருவர்கூட இல்லாத கடையில் நின்றுகொண்டு. அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் பெர்ரித் துறையிலேயே 'மீசை போர்டு கடை எது' என்று கேட்டு வந்தார்கள். உன் வீட்டம்மா கப்பல் இறங்கியபோது, அவரை அழைத்து வந்த ரிக்‌ஷாக்காரருக்கும் அந்தப் பெயர்தான் தெரிந்திருந்தது.

கடை திறந்ததும் தவுக்கேயிடம் பிரஷைக் கொண்டுபோய்க் காட்டினோம். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த மலாயில் பொறுமையாகச் சொன்னார்: முடியின் நுனி பிறக்கும்போதே வருவது, ஒருதரம் வெட்டினால் திரும்ப வராது. அதனால்தான் தங்கள் ஆட்கள் குழந்தையின் முதல் முடியில் பிரஷ் கட்டிவைப்பார்கள் என்றும் சொன்னார். கத்தரி படாத நுனி அதில்தான் இருக்குமாம். திரும்பி வரும் வழியெல்லாம் நீ அந்தப் பிரஷின் நுனியையே விரலால் தடவிக்கொண்டு வந்தாய். எத்தனை ஆயிரம் தலையை வெட்டியிருப்பாய், இது உனக்குத் தெரியாமல் போயிற்றே என்று யோசிக்கிறாய் என நினைத்தேன்.

நீ யோசித்தது வேறு. சில வருஷம் கழித்து, என் மகளுக்கு நீதான் தண்ணீர்மலையில் முதல் மொட்டை அடித்தாய். மடியில் கிடந்து அவள் வீறிட்டுக்கொண்டிருக்க, ஒரு சிட்டிகை முடியை வெற்றிலையில் மடித்து இடுப்பில் செருகினாய். சாமிக்கு நேர்ந்தது ஆயிற்றே என்று என் மனைவி பதறினாள். "முருகன் ஒண்ணும் எண்ணிப் பாக்க மாட்டான் தங்கச்சி" என்றாய். பிறகு ஒருநாள் அந்தத் தவுக்கே கட்டிய மெல்லிய பிரஷை என் கையில் வைத்தாய். "நுனியில நான் கை வைக்கல. அடியில வழிச்சதுதான்" என்று மட்டும் சொன்னாய். போர்டு எழுதியே பிழைத்த இத்தனை வருஷத்தில் பட்டு மாதிரிக் கோடு இழுக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் அதை எடுத்திருக்கிறேன். மற்றபடி தேங்காயெண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருப்பேன். இன்றைக்கும் எந்தப் பிரஷ் வாங்கினாலும் என் புறங்கையில் வளைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. வளைந்து எழுந்து நின்றால் உன் முகம் தெரிகிறது.

இன்று காலை கத்தரியைப் பிடுங்கிய பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து மகளிடம் கொடுத்தேன். "இது உன் முடிதான்" என்றேன். அவள் தன் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தைப்பூசம் நெருங்குகிறது. போர்டு மங்கிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று உன் மகன் போன வாரமே சொல்லியிருந்தான். மத்தியானம் நானும் மகளும் போனோம். அவன் நாகரிகமான பிள்ளை. "மாமா, அந்த மீசையெல்லாம் எடுத்துட்டு நீட்டா எழுதிடுங்க" என்றான். உள்ளேயிருந்து உன் வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மீசையை எடுத்தா அது யாரு கடை?" என்றார். உன் மகன் போய் ஏணியை எடுத்து வந்து சுவரில் சாய்த்தான்.

மகள் ஏணியில் ஏறினாள். எழுத்தையெல்லாம் நேற்று வாங்கிய பிரஷில் எழுதினாள். கை கொஞ்சம் நடுங்கினாலும் வெளியே தெரியவில்லை. பிறகு தன் முதல் முடியால் கட்டிய அந்தச் சின்னப் பிரஷை எடுத்து, மு-வின் வாலிலும் லூ-வின் சுழியிலும் இருந்த மீசையை ஒவ்வொரு முடியாகப் பழைய தடத்தின்மேலேயே வரைந்தாள். இறங்கி வந்து, "எங்கேயாவது விட்டுட்டேனா பாருங்கப்பா" என்றாள்.

அஞ்சடியில் அந்தக் கங்காணி நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை, கூட்டாளி.