இரண்டாவது இழுப்பு

நாள் 702. காலை 7:40. துளைக்கூடம்.

கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றை அவர் மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும் என்று இவர்கள் ஏன் பிடிவாதமாக இருக்கிறார்கள்? இரண்டு வருடமாகக் கேட்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

பின்னால் படிப்பவருக்காக: வியாழனின் யூரோப்பா நிலவில் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. அந்த நீரை உறிஞ்சிப் பிரித்துத்தான் இங்கே மூச்சுக்காற்று. முப்பத்தெட்டுப் பேர், மூன்றாம் தலைமுறை. நான் அவர்களை ஆராய வந்த மானிடவியலாளர். உறிஞ்சுகுழாயைப் பனி அடைத்தால் இவர்களில் சூசை என்பவர் இறங்கிச் சுரண்டுவார். நீருக்குள் ரேடியோ எடுபடாது. கயிறு ஒரு முறை சுண்டினால் நலம். இரண்டு முறை சுண்டினால் விஞ்சு என்ற கயிறு சுற்றும் பொறியைப் போட்டு மேலே ஏற்ற வேண்டும்.

இன்று அவருடைய மச்சான் ராயப்பன் சைகை வராமலே ஏற்றிவிட்டார். நான் பார்த்த நாற்பத்தொரு இறக்கத்தில் இப்படி ஏற்றியது ஒன்பதாவது முறை. சூசை மேலே வந்ததும் ரேடியோவில் பதிவானது:

“ஏ மச்சான், பாதி வேலையில ஏன்யா இழுத்த? ஒன் தங்கச்சி கொழம்புக்கே சாவாதவன் கடலுக்கா சாவப்போறேன்?”

“கை சொல்லிச்சு, இழுத்தேன். நீ செத்தா அந்தக் கொழம்ப நான்லா குடிக்கணும்.”

“பாரு, எழுதுறவுக எழுதுதாக. நான் தும்முனதையும் எழுதிட்டீகளா?”

எழுதியிருந்தேன். என் நோட்டில் இரண்டு பத்திகள். அவர்கள் சொல்லும் காரணம்: கை சொன்னது. நான் காணும் காரணம்: தவறான எச்சரிக்கை.

நாள் 703. காலை 11:15.

பனி நடுங்கியது. குடியிருப்புக்குப் போகும் சுரங்கம் இடிந்துவிட்டது. இந்தப் பக்கம் சூசையும் நானும் மட்டும். உறிஞ்சுகுழாய் முழுக்க அடைத்துவிட்டது. சேமிப்புக் காற்று இரு பக்கத்துக்கும் சேர்த்து முப்பது மணி நேரத்துக்கு. சுரங்கம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பகல் 1:30.

சூசை இறங்கத் தயாராகிறார். அவர் மனைவி செபஸ்தியாள் அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோவில்:

“அண்ணனுக்குக் கை முறிஞ்சுபோச்சு. அங்க நீங்கதான் இருக்கீக. என்னைய ஒரு தடவ தங்கச்சின்னு கூப்பிடுங்க. அதுக்கப்புறம் கயித்தப் புடிங்க.”

ஆராய்பவர் உறவுமுறைக்குள் நுழைந்தால் பார்வை கோணிவிடும். மாணவர்களுக்கு நான் நடத்திய முதல் பாடம் அது. சொன்னேன்: “உறவு சொல்லாமலே ஒழுங்காகப் பிடிப்பேன், செபஸ்தியாள். விதிமுறை எனக்குத் தெரியும்.”

செபஸ்தியாள்: “சரி, எழுதுறவுகளே.”

சூசை: “அவ கெடக்கா. நீங்க கண்ண மட்டும் கயித்துல வைங்க.”

பகல் 2:22.

ஓர் இழுப்பு. நலம்.

பகல் 2:23.

கயிற்றில் மெல்லிய அதிர்வு. இழுப்பு என்று சொல்ல முடியாது. இரண்டாவதுக்குக் காத்திருக்கிறேன்.

பிற்பகல் 3:50.

சூசை இறந்துவிட்டார்.

பனிப்பாளம் சரிந்து அவருடைய காற்றுக்குழாயை அறுத்திருக்கிறது. 2:24க்கு விஞ்சைப் போட்டேன். மேலே வரும்போது உதடு நீலம். நெஞ்சை அழுத்தினேன். நாற்பது நிமிடம் அழுத்தினேன். இரண்டாவது முறை சுண்ட அவரிடம் மூச்சு இருந்திருக்காது.

மேலே 2:23க்கு உள்ள பதிவைப் பாருங்கள். அதை எழுதிய கை விஞ்சின் விசையில் இருந்திருக்க வேண்டிய கை.

ராயப்பன் எழுதமாட்டார். ராயப்பன் காத்திருக்கமாட்டார். தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இழுத்திருப்பேனா? வார்த்தை எப்படிக் கையை...

ரேடியோவில் சொல்லிவிட்டேன். ராயப்பன் கேட்டார்: “அசைவு தெரிஞ்சு எத்தன நேரங்கழிச்சு இழுத்தீக?”

ஒரு நிமிடம் என்றேன்.

நாள் 704. மாலை 6:10.

இன்று நடந்தது மட்டும்.

காலை 10:50க்குச் சுரங்கத்தில் ஓர் ஆள் தவழும் அளவுக்கு வழி திறந்தது. செபஸ்தியாள் வந்தார். அவருக்கும் கடலில் இறங்கத் தெரியும். துணி போர்த்திக் கிடத்தியிருந்த கணவரின் பக்கம் திரும்பவில்லை. காற்று இன்னும் ஆறரை மணி நேரத்துக்குத்தான் இருந்தது. மாற்று உடையையும் காற்றுக்குழாயையும் மாட்டிக்கொண்டு கயிற்றை என் கையில் வைத்தார்.

“புடிங்க.”

கயிறு லேசாக அசைந்ததும் ஏற்றினேன். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மறுபடி இறங்கினார். மறுபடி ஏற்றினேன். இப்படி நான்கு முறை. அவர் திட்டவில்லை. ஐந்தாவது முறை குழாய் திறந்தது. பகல் 2:35க்கு ரேடியோவில் ராயப்பன், “காத்து வருது, காத்து வருது” என்று அழுதார்.

செபஸ்தியாள் முகமூடியைக் கழற்றினார். “நேத்து இப்படி இழுத்திருந்தா” என்று ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டுப் போய்த் துணியை விலக்கி, கணவரின் காதுமடலில் உறைந்திருந்த பனியை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார்.