தாழைக்கோட்டத்துக் கணினிக்குப் பெரிய வோல்ட் வாங்கிய காரியம் பற்றிய ஓலை

திருவும் திறலும் நிலைபெறுக. கடல் சூழ்ந்த இவ்வுலகில் பிழை என்பதையே அறியாத அரசு ஒன்று உண்டெனில், அது செம்பாறை நாட்டு அரசே என்று வானோரும் சான்று பகர்வர். அவ்வரசின் ஒரு கோட்டத்தில் மேசைக் கணினி ஒன்று பல நாளாகப் பீப் பீப் என்று கத்திக்கொண்டு கிடக்கிறது.

வேங்கைவாயில் தலைநகரில் அரியணைக்கு வலப்புறம் நிற்கும் தலைமையமைச்சர் மாறன் விடங்கன், தாழைக்கோட்டத்துச் சிற்றரசரும், புலியை வெறுங்கையால் பிடித்தவர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்பவருமான நீலங்கராயருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டத்து ஆறும் ஆநிரையும் நலமாயிருக்கட்டும். தாங்கள் நலம் என்பது தங்கள் ஓலையின் நீளத்திலேயே தெரிந்தது.

அவ்வோலையில், நாணலூர் நாட்டு வணிகர் வஞ்சகமாகக் கெட்டுப்போன நினைவகத்தை விற்று நம் கணினியை முடக்கினர் என்றும், நாணலூர்மேல் படையெடுக்க ஐந்நூறு குதிரை வேண்டும் என்றும், வென்று மீண்டபின் 'மின்னலை அடக்கிய பெருமாள்' என்ற பட்டம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டத்தை முன்கூட்டியே தந்தாலும் மறுப்பதற்கில்லை என்று ஓரத்தில் ஒரு வரி வேறு. மன்னர் பெருமான் அதை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். விளங்காமல் அல்ல.

குதிரை அனுப்புவதற்கு முன் ஆள் அனுப்பிப் பார்ப்பது நம் வழக்கம். ஆகவே தூதர் கலியன் பூவனை அனுப்பினோம். அவர் கண்டு வந்து உரைத்ததாவது:

மேல்மடை, கீழ்மடை ஆகிய ஈரூருக்கும் தண்ணீர் முறை வகுப்பது அந்தக் கணினி. மனிதர் வகுத்த முறையை இரு மடையாரும் ஏற்பதில்லை. முன்பு ஏற்காமல் மண்டை உடைந்ததால்தான் மன்னர் அதை அங்கே வைத்தார். அது நன்றாகவே ஓடியது. தங்கள் மைத்துனர் அதில் ஆடும் போர் விளையாட்டு மட்டும் திக்கித் திக்கி ஓடிற்றாம். அதற்காக நினைவகத்தைப் பெருக்கத் திருவுளம் கொண்டீர்கள்.

நாணலூர் வணிகர், தங்கள் கணினியின் தாய்ப்பலகை எத்தனை வோல்ட் நினைவகம் ஏற்கும் என்று பணிவாகவே கேட்டிருக்கிறார். பலகையோடு வந்த கையேட்டில் ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட், அதற்கு மேல் ஆகாது என்று கொட்டை எழுத்தில் உள்ளது. கையேட்டைப் புரட்டுவார் இல்லை. மாறாக, சிற்றரசரிடமே அளவு கேட்க இவன் யார் என்று தங்கள் காரியக்காரர் துடியன் சீறினாராம். தங்கள் சபையில் குடை, விளக்கு, விருந்தின் கறிவகை எதுவானாலும் அண்டைச் சிற்றரசரைவிட ஒன்றாவது கூடியிருக்க வேண்டும் என்பது மரபாமே. பக்கத்துக் கோட்டத்தார் ஒன்றரை வோல்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் நமக்கு அதற்கு மேல் என்று ஒன்று புள்ளி ஆறு ஐந்து வோல்ட் நினைவகப் பட்டைகளை வாங்கிவிட்டீர்கள். பலகைக்கு ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என வணிகர் வாசல்வரை வந்து சொன்னாராம். அவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

பலகையின் பள்ளத்தில் பட்டை சரியாக உட்கார்ந்துவிட்டதே, இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும் என்று துடியன் நம் தூதரையே கேட்டாராம். தங்கள் முடி துடியன் தலையிலும்தான் உட்காரும் ராயரே. அதற்காக அவர் ஆண்டுவிட முடியுமா? அந்தப் பட்டைகள் கேட்ட மின்னழுத்தத்தைப் பலகை தர மறுத்து, கிளம்பாமலே நின்றுவிட்டது. அதனால்தான் ஒன்றும் கருகாமல் தப்பியது. அக்கோட்டத்தில் நிதானம் உள்ள பொருள் அது ஒன்றே என்று தோன்றுகிறது.

அது கத்தியதும் தாங்கள் செய்வித்தது சாந்தி ஹோமம். புகை உள்ளே போனதால் விசிறி இன்னும் சற்று உரக்கச் சுழல்கிறது.

இதற்கிடையே கீழ்மடையில் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வெடிப்பு விட்ட நிலத்தில் நிற்கிறது. பெட்டி பேசினால்தான் தண்ணீர் என்றால், ராயர் அந்தப் பெட்டியையே நட்டு அறுத்துக்கொள்ளட்டும் என்று அவ்வூர்த் தலைவி பேராச்சி நம் தூதரிடம் சொன்னார். இன்னும் ஒரு வாரம் போனால் வைக்கோல்கூட மிஞ்சாது என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் தங்களைக் குறித்த சொற்களை ஓலையில் ஏற்றுவதற்கில்லை; அவற்றில் மிகை இருப்பதாகத் தூதருக்குத் தோன்றவில்லை.

ஆகவே மன்னர் பெருமானின் ஆணை யாதெனில்: குதிரை இல்லை. பட்டம் இல்லை. வணிகரிடம் ஆள் அனுப்பாமல் தாங்களே சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். புதிய பட்டைகளைக் கழற்றி, முன்பிருந்த பழைய பட்டைகள் இரண்டையும் இவ்வோலை கண்ட அன்றே மாட்டி, கீழ்மடைக்கு முதல் முறைத் தண்ணீரைத் திறக்க வேண்டும். இனி எந்தப் பட்டை வாங்கினாலும் பலகையின் கையேட்டை ஒருவர் உரக்கப் படிக்க, தாங்கள் நின்று கேட்க வேண்டும். தவறினால் கோட்டம் தங்கள் மைத்துனருக்குப் போகும். அவராவது விளையாடத் தெரிந்தவர்.

வேங்கை இலச்சினை பதித்து, அவையோர் அறிய விடுக்கப்பட்டது. மறுமொழி வேண்டாம், தண்ணீர் போதும்.

இலச்சினை பதித்தபின் தூதர் சொல்லச் சேர்த்தது: பழைய பட்டைகள் இரண்டும், ஓரம் பொன்னாய் மின்னுகிறதென்று, தங்கள் பட்டத்து யானையின் முகபடாத்தில் வைத்துத் தைக்கப்பட்டுள்ளன. அந்த யானையைத் தாங்கள் நாணலூர்த் தேரோட்டத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறீர்கள்.