மூன்று சம்பானில் போய்ப் பெண் பார்த்தது

காஜா பேராங், மலாக்கா
4-9-1957

அன்புள்ள மகள் கோகிலாவுக்கு அப்பா எழுதுவது. உன் அக்கா விஜயாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலாக்கா ஆற்றில் முழங்கால் சேற்றில் மாட்டிக்கொண்டு, கரையேறி, கால் கழுவி, பேசி முடித்தோம். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய் என்றுதான் சுகம் விசாரிக்கும் முன்பே எழுதிவிட்டேன். நானும் அம்மாவும் அக்காவும் சுகமாக இருக்கிறோம், அந்த இங்கிலாந்துக் குளிரில் நீயும் உன் தோழிகளும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. ஏர்லெட்டரில் அடங்காது என்பதால் கடையிலிருந்து நல்ல தாளாக எடுத்து எழுதுகிறேன், தபால் செலவு கூடத்தான், இருந்தாலும் இது அதற்குத் தகுந்த சேதி.

மூன்று இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். பெண் மிட்வைஃப் என்றதும் எல்லாரும் முதலில் தலையை ஆட்டுவார்கள், கவர்ன்மெண்டு சம்பளம் ஆயிற்றே. பிறகு அவள் நடுராத்திரியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேராவுக்கும் கிளேபாங்குக்கும் பிரசவம் பார்க்கப் போவாள் என்று தெரிந்ததும், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடட்டும் என்பார்கள். மூன்றாவதாக வந்த மூவார்க்காரரும் போன பிறகு விஜயா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள், இனிமேல் யார் வந்தாலும் காப்பித் தட்டோடு வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்க மாட்டேன், வருகிறவரிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதைப் பத்துப் பேர் காதில் விழாமல் கேட்க வேண்டும், அதற்கு வழி பண்ணினால் பாருங்கள், இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பெண்ணுக்கு நான்தான் இடம் கொடுத்துவிட்டேனாம். எனக்கு அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. இருபத்தைந்து வருஷமாகப் பழைய கோணி வாங்கி விற்கிறேன், கட்டைப் பிரித்து உள்ளே கையை விட்டுப் பார்க்காமல் ஒரு கட்டுகூட வாங்கியதில்லை. சாக்குக்கே அப்படி என்றால் ஆயுசுக்கும் சேர்ந்து இருக்கப் போகிறவனை எப்படிப் பார்க்காமல் எடுப்பது.

இந்தப் பையன் பெயர் ஜெயபாலன், தம்பின் ஸ்டேஷனில் சிக்னல் வேலை, இருபத்தெட்டு வயசு, ஆள் நல்ல உயரம் நல்ல கனம். அப்பா இல்லை. அம்மா சாரதாம்பாள், தாய்மாமன் அப்பாசாமி, இவர்கள் இரண்டு பேர் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். சாரதாம்பாள் வருவதற்கு முன்பே தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார், பெண் பிடித்தால் வேலையை விட வேண்டும், அது முதல் பேச்சு என்று. அப்படியென்றால் வீட்டில் உட்கார்ந்து பேசினால் காப்பி ஆறுவதற்குள் இந்த இடமும் முறிந்துவிடும். அதனால்தான் நான் ஆற்றை யோசித்தேன்.

அடுத்த தெரு தம்பிராஜாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நெற்றி நிறைய விபூதி, கோயிலில் நம்மைவிட முன்னால் நிற்பவர், வாயைத் திறந்தால் தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் மலாக்காச் செட்டிகள் வழக்கப்படி மலாய்தான் வரும். சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்குப் பட்டணம் முழுக்கப் பல்பு தோரணம் கட்டியிருந்தார்கள், அதை ஆற்றிலிருந்து பார்த்தால் இரண்டு மடங்காகத் தெரியும் என்று அவரும் அவர் தம்பிமார் இரண்டு பேரும் சாயங்காலத்தில் ஒடுக்கமான மூன்று சம்பானில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு, துடுப்புப் போட்டுக்கொண்டே இது இன்னார் கிட்டங்கி, இது இன்ன மலாய்க்காரர் கம்போங் என்று சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்கள், தலைக்கு ஒரு வெள்ளி. ஒரு சம்பானில் துடுப்புக்காரனோடு இரண்டு பேர்தான் உட்காரலாம். நாங்கள் மூன்று, அவர்கள் மூன்று, மூன்று சம்பான். உட்காரும் இடத்தை எடையை வைத்துச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. உன் அம்மாவும் சாரதாம்பாளும் ஒரே சம்பானில் ஏறினால் அது கவிழும். நான் உன் அம்மாவோடு, அப்பாசாமி குடைக்கம்பி மாதிரி ஆள், அவர் அக்காவோடு, மிச்சம் இருப்பது இரண்டே பேர். இதைத் தம்பிராஜாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். என் கிட்டங்கியைத் தாண்டும்போது இது மருதமுத்து கிட்டங்கி என்று கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொல்லி அதற்குத் தனியாக அரை வெள்ளியும் கொடுத்தேன், இதை அம்மாவிடம் சொல்லாதே.

நாலரைக்கு ஆற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஏழு மணிக்கு மேல் சேறுதான், அதனால் நாலு மணிக்கே ஏறிவிடுங்கள் என்று தம்பிராஜா சொல்லியிருந்தார். ஞாயிறு ராகு காலம் நாலரைக்கு, நாலுக்கு ஏறினால் அதையும் தாண்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். மெர்டேக்கா பார்க்கப் போன கூட்டமெல்லாம் திரும்பும் பஸ்ஸை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது நாலு முப்பத்தைந்து. சாரதாம்பாள் வாசலிலேயே, ராகு காலத்தில் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன், ஆறு மணி ஆகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாளைக்கு வைக்கலாம் என்றால் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. தம்பிராஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தவுக்கே, கடலுக்கு முதலாளியும் தெரியாது ராகு காலமும் தெரியாது, அது பாட்டுக்கு வற்றும் என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் எப்படி அதைச் சொல்வது. கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து ஒன்றரை மணி நேரம் தம்பின் ஸ்டேஷனில் எத்தனை ரயில் நிற்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். விஜயா தட்டில்லாமல் வந்து வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாசாமிக்குத் தும்மல் வந்தது.

ஆறு அடித்ததும் கிளம்பினோம். படித்துறையில் சாரதாம்பாள், பெண் என்னோடு வரட்டும் என்றார். நான் மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த எடைப் பேச்சை எடுக்கப் போனேன், அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. அந்த அம்மா சம்பானில் ஒரு காலை வைத்தார், அது ஆடியது, தம்பி கையை எட்டிப் பிடித்தவர் பிறகு விடவேயில்லை. நீயே என்கூட வாடா என்று அப்பாசாமியை இழுத்து உள்ளே உட்கார வைத்துக்கொண்டார். விஜயாவும் பையனும் மூன்றாவது சம்பானில் தம்பிராஜாவோடு ஏறினார்கள். நாங்கள் முன்னால் போனோம்.

இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் ஆற்றில் உட்கார்ந்து ஊரைப் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் சரக்கு இறக்கியிருக்கிறேன், பேரம் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கடைக்கும் முதுகுதான் தெரிகிறது. முன்பக்கம் பளபளவென்று பெயிண்டு அடித்தவன் பின்பக்கம் தகரத்தைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். யாரிடம் சரக்கு இருக்கிறது, யாரிடம் வெறும் கிட்டங்கிதான் இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சுமத்ராவிலிருந்து கரி ஏற்றி வந்த படகுக்காரர்கள் விளக்கு வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குப் பல்பெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. ஆற்றுக்குள்ளும் ஒரு பட்டணம் தலைகீழாக எரிகிறது. உன் அம்மா என் மேல் இருந்த கோபத்தை மறந்து, அங்கே பாருங்க, இங்கே பாருங்க என்று என் முழங்கையைப் பிடித்து ஆட்டினாள், சம்பானும் ஆடியது. பாலத்து மேலிருந்து பையன்கள் மெர்டேக்கா என்று கத்த, அப்பாசாமியும் எழுந்து நின்று கத்தப் பார்த்தார், அவர் அக்கா வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார். இரண்டாவது வளைவில் இருட்டுக்குள்ளிருந்து தம்பிராஜாவின் குரல், மருதமுத்து கிட்டங்கி என்று, ஊருக்கே கேட்கும்படி. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் சம்பானில் என்ன நடந்தது என்பதை மறுநாள் காலையில் பசியாற வந்த தம்பிராஜாதான் சொன்னார். தமிழ் அவர் வாயில் வராது, ஆனால் இருபது வருஷம் என் சரக்கை ஏற்றி இறக்கியவருக்குக் காதில் போகாதா. அது தெரியாமல் இரண்டும் மனசுவிட்டுப் பேசியிருக்கிறதுகள். விஜயா கேட்ட கேள்வி இதுதான், ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது வந்து கதவைத் தட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. அதற்குப் பையன், நான் தூங்கிவிட்டால் பக்கத்தில் ரயில் போனாலும் எழமாட்டேன், எழுந்து கதவைத் திறப்பேன் என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது, ஆனால் படுப்பதற்கு முன்னால் உங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, வாசல் பக்கம் திருப்பி நிறுத்தி வைப்பேன் என்றானாம். எனக்கும் மாதத்தில் பாதி நாள் ராத்திரி டியூட்டிதான், யார் யாரைக் கேட்பது என்றும் சொன்னானாம். விஜயா சிரித்துவிட்டாளாம். இப்போது நான் ஒன்று கேட்கிறேன், எங்கள் அம்மாவைச் சமாளிக்க முடியுமா என்று அவன் கேட்டதற்கு, இதைவிடக் கஷ்டமான கேஸெல்லாம் பார்த்திருக்கேன் என்றாளாம் உன் அக்கா.

கம்போங் மோர்த்தன் வரைக்கும் போய்த் திரும்பும்போதே துடுப்பு தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. கரையில் நாலைந்து வீடு இருக்கும் ஒரு வளைவில் எங்கள் சம்பான் முதலில் சேற்றில் உட்கார்ந்தது, பின்னாலேயே வந்த சாரதாம்பாள் சம்பான் எங்கள் மேல் இடித்து ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. முழங்கால் ஆழத்துக்குக் கருப்புச் சேறு, நாற்றம் சொல்ல வேண்டாம். பையன் அவர்கள் சம்பானிலேயே காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சிலுவார் காலை மேலே சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். கரையில் நின்ற மலாய்க்காரர் ஒருவர், இது என்ன, எருமையை யாரோ ஆற்றில் விட்டிருக்கிறார்கள் என்று கேலி பண்ண, அவனும் மலாயிலேயே, ஆமாம் பாக் சிக், ஏர் இல்லாத எருமை, ஒரு கை கொடுங்கள் என்றான். அவர் சிரித்துக்கொண்டே சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் இறங்கவில்லை, புது வேட்டி. இதை உன் அம்மா உனக்குத் தனியாக எழுதுவாள், நானே முந்திக்கொள்கிறேன்.

அதற்குள் சாரதாம்பாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் மேலே போய், நான் போறேன்டா தம்பி என்கிறார். அப்பாசாமி அழுகிறார். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு உயிர் போய்விட்டால் நம் குடும்பத்தின் கதி என்ன. விஜயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்து வந்தாள். சாரதாம்பாள் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தை, என்னைப் பாருங்க, ஆற்றைப் பார்க்காதீங்க, வாயை மூடுங்க, மூக்கால மெதுவா இழுங்க, நான் சொல்லும்போது விடுங்க, இப்போ விடுங்க, இன்னொருதரம் என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை கோகிலா. வீட்டில் என்னோடு வாயாடுகிற குரல் இல்லை அது. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நானும் அம்மாவும் எங்களை அறியாமல் அவள் சொன்னபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். பத்து மூச்சில் சாரதாம்பாள் முகத்துக்கு ரத்தம் வந்தது. என் மகள் ராத்திரியில் எங்கே போகிறாள், போய் என்ன செய்கிறாள் என்று ஆறு வருஷமாக நான் கேட்டதில்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பையனும் அந்த மலாய்க்காரரும் சம்பான்களைக் கரைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் வீட்டம்மா தகர டின்னில் தண்ணீர் கொண்டுவந்து கால் கழுவ வைத்து, பாய் போட்டு, காப்பி போட்டுக் கொடுத்தாள். வாய்ப்பேச்சுக்கு நான் தயாராக இருந்தேன், வேலை விஷயத்தில் எங்கே விட்டுக்கொடுப்பது எங்கே பிடிப்பது என்று மூன்று படியாக யோசித்து வைத்திருந்தேன். சாரதாம்பாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, வேலையை விடச் சொல்லி அனுப்பினது நான்தான், அதை நானே எடுத்துக்கிறேன், இன்னிக்கு இவ வேலையில இல்லாட்டி நான் இல்ல என்றார். அப்புறம் மகனைப் பார்த்து, உனக்கு என்னடா என்றார். அவன் சேறு காய்ந்த காலோடு விஜயாவைப் பார்த்து, அவங்களைக் கேளுங்க என்றான். விஜயா சரி என்றாள். அவ்வளவுதான். உன் அம்மா அந்த வீட்டம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அந்த அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமலே கூட அழுதாள். மறுநாள் கேசரி கிண்டி அங்கே அனுப்பினோம்.

நீ ஒழுங்காகச் சாப்பிடு, முட்டை சாப்பிடச் சொன்னார்கள் என்றால் சாப்பிடு, சாமி கோபித்துக்கொள்ளாது. கம்பளிச் சட்டைக்கு யோசிக்காதே, நல்லதாக வாங்கு, மலிவு பார்த்து இரண்டு வாங்குவதைவிட அது லாபம். பரீட்சையில் நல்லபடியாகத் தேறி, உடம்பும் மனசும் குறைவில்லாமல் வந்து சேர அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். உன் ரவிக்கை அளவை அடுத்த தபாலில் மறக்காமல் எழுது, அம்மா தினமும் கேட்கிறாள்.

பேசிய பேச்சை உனக்கு எழுதிவிட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு, இங்கே வைத்தால் யாராவது மாற்றிப் பேசுவார்களாம், இங்கிலாந்தில் இருந்தால் பத்திரமாம். ஆகவே இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வை. விஜயா வேலையை விடமாட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவில் அலோர் காஜாவில் வீடு பார்ப்பது, வாடகை மாப்பிள்ளையுடையது. அவள் அங்கே மாற்றல் கேட்டு எழுதுவாள், கிடைக்கும் வரைக்கும் நம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போவாள். வரதட்சணை கிடையாது. நகை அவர்கள் பன்னிரண்டு பவுன் கேட்டார்கள், நான் எட்டு என்றேன், பத்தில் நின்றது. கல்யாணச் செலவு பாதிக்குப் பாதி. நாள் மட்டும் தை மாதம் வேண்டும் என்றார் சாரதாம்பாள். தையில் நீ அங்கேதான் இருப்பாய், தங்கை இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்றாள் விஜயா. அதற்கு மாப்பிள்ளை சொன்னதைத்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டோம்: அடுத்த வருஷம் உன் கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமில் நங்கூரம் போட்டு நீ இறங்கிய பிறகு வருகிற முதல் முகூர்த்தம்.

இப்படிக்கு உன் அப்பா,
சி. மருதமுத்து