உம் பெயரில் ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரி

என் அன்பு மச்சான் காதர் மைதீனுக்கு,

"அங்கன ஒரு கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தா எங்கன வே போவான்?" என்று ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டீர். நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நீர், வெளியே நான். அன்றைக்குப் பள்ளியில் அமெரிக்க அரசியல் சட்டம் நடத்திவிட்டு, அந்தச் சூடு ஆறாமல் வந்திருந்தேன். அங்கே ராஜா கிடையாது, அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றுக்கு ஒன்றைக் காவல் வைத்திருக்கிறார்கள், குடிசையில் பிறந்தவனும் அதிபராகலாம் என்று உமக்கும் ஒரு தடவை நடத்திக்கொண்டிருந்தேன். நீர், பீடி சுற்றும் ஒரு பெண் கொண்டுவந்த பாட்டிலில் சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டே இதைக் கேட்டீர்.

"பணக்கார நாடு வே. எல்லாத்துக்கும் ஒரு வழி வச்சிருப்பான்" என்றேன்.

"வழி இருக்கும்னு நானும்தான் சொல்லுவேன். எந்த வழி? அதச் சொல்லும்."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாத்தியார் வாய்க்கு வரவில்லை. மழை வரும்போல இருக்கு என்று பேச்சை மாற்றினேன். பாட்டிலை மூடிக்கொண்டே நீர் சிரித்த சிரிப்பு இன்னும் என்னைச் சுடுகிறது.

நீர் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் நான் அந்த நாட்டுக்கே போய்விட்டு வந்தேன் மச்சான். நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம். உம் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் நீர் இல்லை.

மகள் குடியிருக்கும் கட்டடத்தில் குழாய், விளக்கு பழுதுபார்க்க வில்லியம் என்று ஒருவர் உண்டு. கறுப்பு மனிதர், நம் வயதுக்குக் கொஞ்சம் இளையவர். பகலில் இந்த வேலை, சாயங்காலம் ஒரு கடையில் காவல். ஒரு நாள் எங்கள் சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். பிளேடால் அதை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையாம். டாக்டர் முழுசாகப் போடச் சொன்னாராம். முழுசாகப் போட்டால் பாதி மாதத்தில் தீர்ந்துவிடுமாம். அங்கே இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் வைத்தியம். முதலாளி கொடுத்தால்தான் இன்ஷூரன்ஸ். இத்தனை மணி நேரம் வேலை செய்கிறவனுக்குத்தான் அது உண்டு என்று முதலாளி ஒரு கணக்கு வைத்திருக்கிறான். வில்லியத்தின் இரண்டு முதலாளிகளும் அந்தக் கணக்குக்குச் சற்றுக் குறைவாகவே அவருக்கு வேலை கொடுக்கிறார்கள்.

"காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். உம் கேள்விதான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "காத்திருப்பேன். அதுவாகப் போய்விடும்" என்றார். போகாவிட்டால்? "அவசரப் பிரிவுக்குப் போவேன். பார்ப்பார்கள். பிறகு பில் வீட்டுக்கு வரும். அதற்கு அப்புறம் அது போகவே போகாது."

இதுதான் மச்சான் அந்த வழி. காசநோய் மாத்திரையைப் பாதி பாதியாகத் தின்ற ஒருத்தனைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் விரட்டிப் போய் ஏசினீரே, அந்தக் காதர் மைதீன் வில்லியத்தைப் பார்த்திருந்தால் யாரை ஏசியிருப்பீர்?

நான் அங்கே இருந்த கோடையில் அந்த நாட்டுக்கு வில்லியத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அதிபருக்கும், அவர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கும் என்ன நடந்தது, எந்த அறையில், எத்தனை தடவை என்பதுதான் காலையிலும் பேச்சு, ராத்திரியிலும் பேச்சு. பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தி பார்க்க முடியவில்லை. அதிகாரம் மூன்றும் ஒன்றை ஒன்று காவல் காக்கும் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் முக்கோணம் போட்டுக் காட்டினேன். அந்த மூன்றும் ஒரு படுக்கையறையின் சாவித் துவாரத்தில் வரிசையாகக் குனிந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

அதிபர் ஒரு நாள் டிவியில் வந்து தப்பை ஒப்புக்கொண்டார். மூன்று நாளில் ஏவுகணை பறந்தது. அதில் சில ஆப்பிரிக்காவில் எங்கே விழுந்தன தெரியுமா? ஒரு மருந்துத் தொழிற்சாலைமேல். அங்கே விஷம் தயாரித்தார்கள் என்றார்கள். யார் போய்ப் பார்த்தது என்று கேட்டால் அது ரகசியம் என்றார்கள். மறுநாள் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷன்தான். குண்டு விழுந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். குண்டைப் போட்டுவிட்டு வரைபடத்தில் ஊரைத் தேடுகிற ஜனங்களை நான் முதல்முறையாகப் பார்த்தேன். என் ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சுகூட அதை விரலால் தொட்டுக் காட்டும்.

இரண்டு கட்சி இருக்கிறதே, ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று என்பீர். திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கு ஒரே முதலாளி இரண்டு பஸ் விட்டால் எப்படி இருக்கும்? ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு; ஹாரன் மட்டும் வேறு வேறு. டிரைவர்கள் ரோட்டில் முந்தப் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஜனங்களும் எந்த பஸ் நல்ல பஸ் என்று அடித்துக்கொள்வார்கள். ஏழைத் தாய்மாருக்குக் கொடுத்துவந்த உதவியைச் சோம்பேறிகளை வளர்க்கிறது என்று சொல்லி வெட்டினார்களே, அதில் இரண்டு ஹாரனும் ஒரே சுருதியில்தான் ஊதின.

அங்கே பள்ளிக்கூடத்துக்குள் பையன்கள் துப்பாக்கியோடு வந்து கூடப் படிக்கிறவர்களைச் சுடுகிறார்கள். என் மேசை இழுப்பறையில் நான் பிடுங்கி வைத்த கோலிக்காய், பம்பரம், உண்டிவில் கிடக்கும். அங்கத்து வாத்தியார் எதைப் பிடுங்கி எந்த இழுப்பறையில் வைப்பார்? அதைப் பற்றிச் சட்டம் போடலாமா என்று கேட்டால் சுதந்திரம் என்கிறார்கள். மாத்திரையை முழுசாக விழுங்கும் சுதந்திரம் ஒன்று உண்டே என்று கேட்டால் அது சோஷலிசமாம்.

நாம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்ததற்கு நம்மேல் தடை போட்டார்கள். அந்த வெடிக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவனில்லை நான். ஆனால் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஊர்மேல் போட்டும் பார்த்தவர்கள் நமக்கு ஒழுக்கம் சொல்லித்தருவதைக் கேட்க எனக்குப் பொறுமை போதவில்லை. இத்தனைக்கும் அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் வருஷத்துக்கு நாலு இலக்கம் போட மறந்துவிட்டார்கள். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் நின்றுவிடுமோ என்று பயந்து, அதைச் சரிசெய்ய நம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிப் போனவன்தான் உம்முடைய மகன் சாகுல். இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரமும் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

போன மாதம் லீவில் வந்தான். சம்பாதித்திருக்கிறான், உம்மை மறக்கவில்லை. உம் பெயரில் நம்மூரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டப்போகிறேன் என்று கட்டடப் படத்தை விரித்துக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடிக்கல்லுக்குக் கருங்கல்லும் வாங்கிப்போட்டுவிட்டான். கல்வெட்டு வாசகத்தை நான் எழுதித் தர வேண்டுமாம். நம்மூரில் எந்தக் கல்லுக்கும் வாசகம் எழுதுவது நான்தானே. அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்பதற்காக, எப்படி நடக்கும் என்று கேட்டேன்.

"கார்டு சிஸ்டம் மாமா. வருஷத்துக்கு ஒரு தடவ பணம் கட்டி கார்டு வாங்கிரணும். கார்டு இருந்தா எல்லா வைத்தியமும் உண்டு."

"இல்லாதவனுக்கு?"

"வாங்கிரணும் மாமா. அதுக்குத்தான் கார்டு. சும்மா குடுத்தா ஒருத்தனும் மதிக்க மாட்டான். இது நல்லா நடந்தா அரசு ஆஸ்பத்திரியே இங்க வேண்டாம்னு பஞ்சாயத்துத் தலைவர் சொல்லுதாரு."

பேனாவை மூடிவிட்டேன். வில்லியத்தின் பாதி மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான்.

"அவரு ரெண்டு வேலைக்குப் பதிலா ஒரு நல்ல வேலையாப் பாத்திருக்கணும்" என்றான்.

"ஏலே, அந்த ஆளு தினம் பன்னெண்டு மணி நேரம் நிக்காரு. இன்னும் எதைப் பாக்கச் சொல்லுதே?"

"திருச்செந்தூர்ல தரிசனத்துக்கே தனி வரிசை இருக்கு. துட்டு குடுத்தவன் சீக்கிரம் பாக்கான். அங்க நீங்க கோவப்படலையே மாமா."

"சாமியைப் பாக்க லேட்டானா ஒருத்தனும் சாக மாட்டான்."

அதற்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "நீங்கதான மாமா பத்தாங் கிளாஸ்ல சொன்னீங்க? அந்த நாட்டுல யாரும் யாரு தயவுலயும் இருக்க மாட்டான், அவனவன் கால்ல நிப்பான்னு. அதக் கேட்டுத்தான் நான் அங்கயே போனேன்."

சொன்னேன் மச்சான். வேட்டியை மடித்துக் கட்டி, மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். போகாத ஊரைப் பற்றி, பார்க்காத மனுஷரைப் பற்றி, புத்தகத்தில் நாலு பக்கம் படித்துவிட்டுச் சொன்னேன். அமெரிக்காவை இப்போது எவ்வளவு ஏளனம் செய்தாலும் அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

அப்போதுதான் உம் வீட்டு அடுக்களையிலிருந்து கதீஜா தங்கச்சி வந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஏலே சாகுல், ஆஸ்பத்திரி கட்டு. கார்டும் வச்சுக்கோ. ஆனா உங்க வாப்பா பேரை அதுல எழுதாத. ஒம் பேரை எழுதிக்கோ."

"உம்மா, வாப்பாவுக்காகத்தான் கட்டுதேன்."

"உங்க வாப்பா ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்புனவரு இல்ல. அவரு பேரை வாசல்ல மாட்டிட்டு, அதுக்குக் கீழ நின்னு ஒரு ஆளு, கார்டு இல்லையா போ போன்னு விரட்டுவான். அத நான் இந்தத் தெருவுல இருந்துகிட்டுப் பாக்கணுமா?" என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க எழுதாதீங்க" என்றாள்.

சாகுல் படத்தைப் பையச் சுருட்டினான். கோபமா, வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டான். தங்கச்சி பஸ் வரைக்கும் போய் வழியனுப்பினாள்.

போன வாரம் போன் செய்தான். "மாமா, வாரத்துல ஒரு நாள் கார்டு இல்லாதவங்களுக்கும் பாக்கலாம். வியாழக்கிழமை. அப்ப எழுதித் தருவீங்களா?"

"காய்ச்சல் கிழமை பாத்தா வருது லே?"

"யோசிக்கேன் மாமா" என்றான். யோசிக்கட்டும். கெட்டவன் இல்லை. அவன் போன இடத்தில் இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவன் மனம் மாறுமா? மாறாவிட்டால் உம்மையும் தங்கச்சியையும் விட்டு அவன் இன்னும் தூரமாகப் போய்விடுவானோ? எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வாய் வருகிறது.

உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எல்லா நாளும் எல்லாருக்கும் என்று அவன் சொல்லும் அன்றைக்கு உம் பெயரை நானே எழுதித் தருவேன். அதுவரை என்னிடமிருந்து ஓர் எழுத்துப் போகாது. வேறு யாராவது எழுதிக் கொடுத்தால், நம்மூர் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லின் முன்னால் உட்காருவேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஊரில் இறந்துபோன ஒருவர் பெயரில் ஏதாவது கட்டடம் இருக்கும். ஒரு நாள் காலையில் அதன் வாசலில் அரை மணி நேரம் நின்று, யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பாருங்கள்.

உம்முடைய மச்சான்,
கதீஜாவுக்கு அண்ணன், சாகுலுக்கு மாமன்,
சண்முகசுந்தரம்