பதினொரு மணிக் காட்சி ஹோல்டோவர்

பாதி கேட்பதற்குள் திட்ட ஆரம்பித்துவிடும் என் அம்மாவுக்கு,

ஆவணி ஏழு, ஞாயிறு, காலை பதினொன்று ஐந்து. உள்ளே நூற்று நாற்பத்தொரு பேர். உன் தியேட்டரின் புரொஜெக்டர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊரே காத்திருந்த ஓணப் படம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நம் திரையில் அது ஓடவில்லை. வேண்டாம் என்றது நான்தான்.

இப்போது திட்டு. முடித்ததும் மிச்சத்தைச் சொல்கிறேன்.

நம் கரமனையில் பாதிப் பேர் எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். கழக்கூட்டம் சாஃப்ட்வேர் ஆபீசில் என் டீம் லீடர், "ஐசக், கொஞ்சம் பிசினஸ் சென்ஸ் வேணம் கேட்டோ" என்கிறான். நீ வைத்த இசக்கி என்ற பெயர் அவன் வாயில் இன்னும் நுழையவில்லை. அதையே சொல்லத் தெரியாதவன் எனக்கு வியாபாரம் சொல்லித் தருகிறான்.

விஷயம் இதுதான். படத்தைத் தயாரித்த ஸ்டுடியோவே இந்த முறை விநியோகமும் செய்கிறது. நிபந்தனைகள் மும்பையிலிருந்து ஆங்கிலத்தில் வந்தன. முதல் இரண்டு வாரம் நான்கு காட்சியும் இந்தப் படம்தான். அதே திரையில் வேறு படம் கூடாது. ஏழு திரை வைத்திருக்கும் மாலுக்கு இது ஒன்றுமேயில்லை, ஒரு திரையைக் கொடுத்துவிட்டு மிச்சம் ஆறில் இஷ்டத்துக்கு ஓட்டுவான். நமக்கு இருப்பதே ஒரு திரை. இரண்டுக்கும் ஒரே காகிதம். இதற்குப் பெயர் சமமாம்.

பங்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக் காட்சி. அது தமிழ்ப் படத்துக்கு என்று அப்பா இறந்த வருஷமே நீ எழுதாமல் வைத்த சட்டம். இங்கே வந்திருக்கும் தமிழ்க் கட்டட வேலைக்காரர்களுக்கு ஞாயிறுதான் லீவு. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் முதல் பஸ் பிடித்து இறங்கினால் இந்தக் காட்சி மட்டும்தான் அவர்களுக்கு வாய்க்கும். மாட்னிக்கு உட்கார்ந்தால் திரும்பிப் போக பஸ் கிடையாது. இதை மும்பையில் யாருக்கு, எந்தக் கட்டத்தில் நிரப்பிச் சொல்வது?

மேனேஜர் சுகுமாரன் அண்ணன் கவலையே படவில்லை. "எடா இசக்கி, பேடிக்காதே. ஒப்பிடு, ஒரு கையெழுத்துதானே. ரெண்டு வாரம் கழிஞ்சா ஹோல்டோவர் ஆவும். பின்னே ஞாயறு நமக்குத்தான்."

ஹோல்டோவர். உனக்குச் சொல்லவே வேண்டாம். வசூல் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே விழுந்தால் படத்தைத் தூக்கிவிடலாம், அதுதான் இந்த ஊரில் ஹோல்டோவர். நீ அதைப் படத்தோடு நிறுத்தினாயா? மிக்ஸி கெட்டால், "மிக்ஸி ஹோல்டோவர் ஆயிட்டு." பக்கத்து வீட்டுக் கல்யாணம் முறிந்தபோதும் அதேதான், அந்தப் பெண்ணுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாய். மெடிக்கல் காலேஜ் கட்டிலிலும் சுகுமாரன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாய்: "சுகுமாரா, நான் ஹோல்டோவர். அடுத்த படத்தைப் போடு." அவர் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதார். நான் உன் கால்மாட்டில் நின்றுகொண்டு டிரிப் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தை நான் வரி வரியாகப் படித்தேன். மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒரு சொல் எங்கே விளக்கப்பட்டிருக்கிறது என்று தேடாமல் தூக்கம் வராது. பதினாலாம் பக்கத்தில் இருந்தது. ஹோல்டோவர்: வசூல் குறிப்பிட்ட தொகையைத் தொட்டால், அடுத்த வாரமும் எல்லாக் காட்சிகளையும் தியேட்டர் தொடர வேண்டும். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

நேர் எதிர், அம்மா. நம் ஊரில் வெளியே போகும் கதவு. அவர்கள் அகராதியில் உள்ளே போடும் தாழ்ப்பாள்.

கொச்சியில் இருக்கும் அவர்கள் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்தான். "சாரே, அது எல்லாரும் ஒப்பிட்டதல்லே? ஆரும் வாயிச்சிட்டில்ல." யாரும் படிக்கவில்லையாம். அது அவனுக்கு ஒரு தகுதி மாதிரி இருந்தது.

"நான் வாசிச்சேன்" என்றேன். "ஞாயிறு பதினொரு மணியை விட்டுக் குடுங்க. ஒப்பிடுறேன்."

"ஒரு ஷோ விட்டால் நாளை எல்லாரும் சோதிக்கும். பற்றில்ல." எல்லாரும் கேட்பார்களாம், முடியாதாம்.

"அப்ப எனக்கும் பற்றில்ல."

வைத்துவிட்டேன். படத்தின் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவி வரவில்லை. வராது என்று தெரியும்.

சுகுமாரன் அண்ணன் மறுநாள் வந்து, "ஓணத்துக்குப் படமில்லாத்த தியேட்டர்! ஆளுங்க முகத்துல எப்படிடா முழிக்க?" என்று கத்தினார். கத்திக்கொண்டே சென்னையில் ஒரு சின்ன விநியோகஸ்தருக்கு போன் போட்டு, ஒரு சின்னத் தமிழ்ப் படத்தைப் பேசி முடித்தார். அதுதான் இப்போது ஓடுகிறது. பொய் சொல்லமாட்டேன்: நேற்று மாட்னியில் ஆளைவிட மின்விசிறி அதிகம். இந்த ஓணம் நமக்கு அடிதான்.

ஆனால் இன்று காலை போனக்காட்டு செல்லத்தாய் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக கவுண்டருக்கு வந்தாள். "ஏல, அந்தப் பெரிய படம்தான்னு மலையில பேசிக்கிட்டாங்க. எங்கள வெளிய நிறுத்திருவியோன்னு நினைச்சேன்."

"நிறுத்தினா என்ன செய்வ?"

"ஒங்க அம்மாட்ட சொல்லுவேன்."

நான் சீட்டைக் கிழித்து நீட்டினேன். பிறகு அவளே, "மேல போய் சொல்லுவேம்ல" என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இனி செய்யப்போவது:

1. அந்தப் பதினாலாம் பக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, நெய்யாற்றின்கரை முதல் ஆற்றிங்கல் வரை ஒற்றைத் திரை வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். ஒப்பிடுவது அவர்கள் இஷ்டம். படிக்காமல் ஒப்பிட விடமாட்டேன்.

2. வாரத்தில் ஒரு காட்சி தியேட்டருக்கே சொந்தம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வோம். ஒருவன் கேட்டால் கிறுக்கு. பத்துப் பேர் கேட்டால் அவனே கொச்சியிலிருந்து வண்டி ஏறி வருவான்.

3. ஆட்களுக்கு ஓண போனஸ் குறையாது. ஐசக்கின் சம்பளம் அதற்காவது உதவட்டும்.

4. பெண்கள் கழிப்பறை வரிசை தீர்ந்த பிறகுதான் இடைவேளை முடிகிற மணி. அதுவும் உன் சட்டம். இதோ, இன்னும் பத்து நிமிஷத்தில் அந்த வேலை இருக்கிறது.

5. ஞாயிறு பதினொரு மணிக் காட்சி ஹோல்டோவர். நீயும் ஹோல்டோவர். இரண்டும் பதினாலாம் பக்கத்து அர்த்தத்தில்: அடுத்த வாரமும் தொடர வேண்டும். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

உன் மகன்,
இசக்கி