கைக்கடிகாரத்தில் வெட்டிய பெயர்

அன்புள்ள நம் மலரின் தாத்தாவுக்கு,

நீங்கள் போய் மூன்று தைப்பூசம் கடந்துவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் இன்னமும் உங்கள் நடையைத் தேடுகிறேன். ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த நடை வேறு யாருக்கு வரும்?

முதலில் நல்ல சேதி. மலருக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், என் பேத்திக்கு! பசார் மீன்காரர்வரை சொல்லியாயிற்று. சொன்னவர்களிடமே மறுபடியும் சொல்கிறேன் என்று குமரன் கோபிக்கிறான். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க மாட்டீர்களா?

அவளைச் சேர்க்கப் பணம் வேண்டும். புக்கிட் தெங்கா தொழிற்சாலைச் சம்பளத்தில் நம் மகன் குமரனுக்கு என்ன மிஞ்சும்? உங்கள் தங்கக் கைக்கடிகாரத்தை விற்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எனக்குச் சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. "மொதல்ல என்ன வெல போகும்னு கேட்டுட்டு வருவோம்லா" என்றேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பழைய கடிகாரம் வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கடிகாரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தராசைத் தேடினேன்.

"எடை போடலையா தம்பி?"

"எடை போட்டா உருக்குற தங்கத்துக்குத்தாம்மா வெல. வாட்சுக்கு வெல வேற."

"மொகமெல்லாம் பழுப்பேறிப் போச்சே?"

"அந்தப் பழுப்புதாம்மா அசல். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா வெல எறங்கிடும். முள்ளும் பழசு, உள்ள மெஷினும் பழசு. ஓரமெல்லாம் பாருங்க, எவ்வளவு கூரா இருக்கு. யாரும் மெருகு போட்டு மழுக்கல."

ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வளையலோடு அதையும் மெருகுக்குக் கொடுக்கிறேன் என்பேன். நீங்கள் தரவே மாட்டீர்கள். சோம்பல் என்றல்லவா நினைத்தேன்? பாய் சொல்லச் சொல்ல என் தலை நிமிர்ந்தது.

பிறகுதான் அவர் அதைத் திருப்பினார்.

"அல்லா! யாரும்மா இதுல எழுதுனது?"

புள்ளிபுள்ளியாக என் பெயர். பாக்கியம். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறங்கி நிற்கிறது.

கூட வந்த குமரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். ஊருக்குத் திரும்பும் கப்பல் அதிகாரி ஒருவரிடம் அதை வாங்கிய வாரமே, பாத்திரக்கடையில் குடத்துக்குப் பெயர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தீர்களே! "மச்சான், இது வாட்சா, தண்ணிச் சொம்பா?" என்று என் தம்பி உங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? எனக்கும் கோபம்தான். "ஒங்க பேரையாவது போட்டிருக்கக் கூடாதா?" என்றேன். சோற்றிலிருந்து தலை நிமிராமல், "வீட்டுச் சாமான் எல்லாத்துலயும் ஒன் பேருதானே இருக்கு? இதுக்கு மட்டும் எதுக்கு வேற பேரு?" என்றீர்கள்.

"இதுனால பாதி வெல போச்சும்மா. வெளியூர்க்காரங்க பேரு வெட்டுன வாட்ச தொட மாட்டாங்க" என்றார் பாய். "ஆனா ஏற்கெனவே பாதி தேஞ்சிருக்கு. பின்பக்கம்தானே, மிச்சத்தையும் தேச்சு அழிச்சிடலாம். நல்ல வெல தர்றேன்."

பாதி எப்படித் தேய்ந்தது என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டைகளைக் கணக்கெடுக்கும்போதும், குமரனைத் தோளில் போட்டு நடந்தபோதும், கடைசியில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என் பெயர் உங்கள் மணிக்கட்டோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மிச்சத்தை இயந்திரத்திடம் கொடுப்பேனா?

கையை நீட்டினேன். "குடுங்க தம்பி."

"வெல பத்தலையாம்மா? பேசுவோம்."

"நீங்க நல்லாத்தான் வெல பாத்தீங்க. நான்தான் விக்கல."

வீட்டுக்கு வந்து, நீங்கள் போனபின் பெட்டியில் கிடந்த என் வளையல்களை நகைக்கடைக்கு எடுத்துப்போனேன். குமரன் வேண்டாம் வேண்டாம் என்றான். வளையலுக்கு எடைதான் விலை, போட்டார்கள், முடிந்தது. கோபிக்காதீர்கள்.

கடிகாரத்தை மலருக்குக் கட்டிவிட்டேன். "விடுதில தொலைச்சிடாதடி."

"ஒங்க பேரு போட்டிருக்குல்ல பாட்டி? யாரு எடுத்தாலும் திருப்பிக் குடுத்துடுவாங்கலா."

அவளும் போய்விட்டாள். நீங்கள் போனபின் நானே தினமும் கடிகாரத்துக்குக் கொடுத்துவந்த சாவியின் சத்தம் இல்லாமல் காலையில் காப்பி கலக்கிறேன். கை தன்னால் இரண்டு டம்ளர் எடுக்கிறது. ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். அதிலும் என் பெயர்தான். மலர் சொன்னதுதான் அப்போது நினைவுக்கு வருகிறது. உங்கள் மேலும் என் பெயரை வெட்டி வைத்திருந்தால், எடுத்தவர் திருப்பித் தந்திருப்பாரோ?

அவள் பட்டம் வாங்க மேடையேறும் நேரத்தை, அவள் கையிலிருந்து வாங்கிவைத்த உங்கள் கடிகாரத்திலேயே பார்த்து உங்களுக்குச் சொல்வேன். அதுவரை அதன் பின்பக்கத்தை எவரையும் தேய்க்க விடமாட்டேன். அவள் கை தேய்த்தால் தேய்க்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி,
பாக்கியம்