சாகுபடிதாரர் பெயர்

1974 ஜனவரி 22, செவ்வாய்

இன்றும் பலகை பிரிந்துவிட்டது. நேற்று தண்ணீரில் போட்டது, காலையில் தட்டுத் தட்டாகக் கையோடு வந்தது. சோயாப் புரதத்திலிருந்து ப்ளைவுட்டுக்குப் பசை செய்ய ஏழு வருடமாக மல்லுக்கட்டுகிறேன். எங்கே தப்பு என்று தெரியும். ஆலைப் பிண்ணாக்கு சூட்டில் வெந்துபோனது. வெந்த புரதம் ஒட்டாது. நாமே விளைவித்து, சூடு படாமல் எண்ணெய் எடுக்க வேண்டும். வேதியியல் வாத்தியாருக்கு வயல் எங்கே இருக்கிறது?

நாகப்பட்டினத்தில் ப்ளைவுட் பெட்டி செய்யும் அப்துல் அஜீஸ் கல்லூரிக்கு வந்தார். பெட்ரோலோடு சேர்ந்து ரெசின் பசை விலையும் ஏறியதில் மனிதர் இளைத்தே போயிருக்கிறார். "ரத்தத்துல பசை பண்றாங்களாம், மலிவாம். எங்களுக்கு அது ஆகாது டீச்சர். உங்க பருப்புப் பசை எப்ப வரும்?"

நிலம் கிடைத்தால் வரும் என்றேன்.

பிப்ரவரி 9, சனி

கிடைத்தது. திருவாரூருக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. நாற்பது ஏக்கர்காரர் துரைராசு, சம்பா அறுத்த வயலில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், விட்டுக்கொடுத்திருக்கிறார். கொடுத்தது அவர், உழுது விதைப்பது அமிர்தம். புருஷன் போன பிறகு ஆறு வருடமாக அந்த வயலைக் குத்தகைக்குச் செய்கிறவள். வாய்ப்பேச்சுக் குத்தகைதான், நெல் அளந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

விதையில் நுண்ணுயிர்ப் பொடியைக் கஞ்சியில் குழைத்துப் புரட்டினோம். "விதைக்குக் கஞ்சி ஊத்துறத இப்பத்தான் பாக்குறேன். எனக்கும் ஒரு வாய் மிச்சம் வையுங்க" என்றாள்.

வயல் நோட்டில் கட்டங்களை நிரப்பினேன். பயிர்: சோயா. சாகுபடிதாரர்: அமிர்தம். "அதுவா நானு?" என்று எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 12, செவ்வாய்

கூலித் தகராறு. கொடியோடு சாலையை மறித்திருக்கிறார்கள். பாதி வழியில் பஸ் திரும்பிவிட்டது. கால் வலி மிச்சம்.

மே 25, சனி

ஒட்டிவிட்டது! அமிர்தம் அறுத்துக் கொடுத்த சோயா, சுண்ணாம்பு, கொஞ்சம் காஸ்டிக் சோடா. இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தும் பலகை பிரியவில்லை. அஜீஸ் நகத்தால் கீறிப் பார்த்தார், முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். நாத்தந்தான் தாங்கல" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

மூன்று பேர் ஒப்பந்தம்: கல்லூரி ஆராயும், அஜீஸ் பட்டறை தரும், துரைராசு மூன்று வருடத்துக்கு ஐந்து ஏக்கர் தருவார். என் அறிக்கையையும் சேர்த்து வைத்தால் கையெழுத்து என்கிறார் பிரின்சிபால். மூன்று பேரும் ஓர் அறையில் உட்கார்ந்தது இன்றுவரை இல்லை. நான்தான் பந்து மாதிரி அங்கும் இங்கும்.

அறிக்கையின் நகலை முதலில் துரைராசுவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "அமிர்தம் பேர் எதுக்கு? கூலியாள்னு போட்டுடுங்க டீச்சர். ஒரு வார்த்தைதானே. போட்டா நாளைக்கே கையெழுத்து."

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. பதிந்துவிட்டால் அவளை வயலை விட்டு லேசில் இறக்க முடியாது. தெரியும். ஆனால் அலுத்துவிட்டது. ஏழு வருடம் — ஒரு வார்த்தை.

தட்டச்சுக்காரரிடம் மாற்றச் சொல்லிவிட்டேன். வயல் நோட்டைத் தொடவில்லை. அதில் என்ன பெருமை?

ஜூலை 8, திங்கள்

ஒப்பந்தத்தில் துரைராசுவும் அஜீஸும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிரின்சிபாலுடையதுதான் பாக்கி.

மதியம் வகுப்பு வாசலில் அமிர்தம் நின்றாள். குத்தகைப் பதிவுக்கு மனு போட்டிருக்கிறாளாம். அவள் வெறும் கூலியாள் என்பதற்கு அத்தாட்சியாக துரைராசு என் அறிக்கையைக் கொடுத்திருக்கிறார்.

"டீச்சரே எழுதிக் குடுத்தாங்கன்னு அய்யா சொல்றாரு. நீங்களா எழுதுனீங்க?"

ஆமாம் என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

என்ன பண்ணிட்டேன் நான்? அவ சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு எனக்கெதுக்கு இந்தப் பசை?

ஜூலை 17, புதன்

திருவாரூரில் விசாரணை. வயல் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அறிக்கையில் இருப்பது தவறு, நோட்டில் இருப்பதுதான் உண்மை என்று குத்தகைப் பதிவு தாசில்தாரிடம் சொன்னேன்.

"அப்ப அறிக்கை பொய்யா?"

"அந்த ஒரு வார்த்தை பொய்."

"ஒரு வார்த்தை பொய்னா, பசை ஒட்டுச்சுன்னு எழுதுனதை மட்டும் எப்படிம்மா நம்புறது?"

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போனார். அமிர்தமும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

எதிர்பார்த்ததுதான். துரைராசு விலகிவிட்டார். "அறிக்கையில கை வச்சவங்கள நம்பி நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?" என்றார் பிரின்சிபால். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆய்வறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். வயல் நோட்டை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அஜீஸ் ரெசினுக்கே திரும்பிவிட்டார். சொல்வதற்காகவே நாகப்பட்டினத்திலிருந்து வந்தார், பாவம். "பசை நல்ல பசைதான் டீச்சர்."

செப்டம்பர் 30, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

1975 ஜனவரி 28, செவ்வாய்

அமிர்தத்திடமிருந்து ஒரு கார்டு, யாரிடமோ சொல்லி எழுதியது. பெயர் பதிவாகிவிட்டது, வந்துவிட்டுப் போகவும்.

போன வருட அறுப்பில் எடுத்துவைத்த சோயா விதை இரண்டு படி வீட்டில் இருந்தது. பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன்: மூன்று மா, அதில் இவ்வளவு விளையும், அஜீஸிடம் மறுபடி கேட்கலாம். புத்தி மாறவில்லை.

அமிர்தம் வரப்பில் நின்றாள். அறுக்காத சம்பாவுக்குள் ஏற்கெனவே விதைத்து முடித்திருந்தாள். நெல் தாளை விலக்கிக் காட்டினாள். உளுந்து, இரண்டு இலை விட்டிருந்தது.

நான் பையைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். சோயாவ யாரு வாங்குவா? உளுந்துன்னா விக்கவும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு. இந்தத் தடவை நான் யாரையும் கேக்கல."

கோபம் வரவில்லை. வயல் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் தேதி போட்டேன். பயிர்: உளுந்து. சாகுபடிதாரர்: அமிர்தம். பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.